மேனேஜர் நுழையாத கொட்டகை

கம்பத்தார் என்று சொன்னால் போதும். மாடு வைத்திருப்பவர்கள், ஆடு வைத்திருப்பவர்கள், டிராக்டரை வெயிலில் போட மனசு வராதவர்கள், எல்லோருக்கும் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்து அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். வயது ஐம்பத்து மூன்று. நெடுநெடுவென்று இருப்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு தூக்குக்குண்டு கிடக்கும். யார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் முதலில் வாசல் நிலையைத்தான் பார்ப்பார். நிலை கோணலாக இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. "வந்த இடத்துல வாயை மூடிட்டு இருங்க" என்று மனைவி தொடையில் ஒரு கிள்ளு வைப்பாள்.

அவர் கட்டுவது கம்பக் கொட்டகை. அஸ்திவாரம் கிடையாது. குழி தோண்டிக் கம்பத்தை நட்டு, கம்பத்தின் தலையில் உத்தரம் போட்டு, மேலே தகரத்தை வேய்ந்துவிட்டால் கொட்டகை. சுவர் வேண்டுமென்றால் பலகை அடித்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். எல்லாப் பாரமும் கம்பத்தின் மேல்தான். கம்பம் சரியாக இருந்தால் இருபத்தைந்து வருஷத்துக்கு நிம்மதி. சரியாக இல்லை என்றால், என்றைக்கு விழும் என்பது மட்டும்தான் பாக்கி. அப்படி நாற்பத்தொரு கொட்டகை கட்டியிருக்கிறார்.

இந்தத் தொழிலை அவர் யாரிடமும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு முன்னால் ஒரு கான்ட்ராக்டரிடம் பதினாறு வருஷம் கரண்டுக் கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் குழி தோண்டுகிற மெஷின் வந்து இறங்கியது. இவர் ஒரு வாரத்தில் தோண்டுவதை அது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டது. கான்ட்ராக்டர் நல்ல மனுஷன்தான், தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தார். தட்டிக்கொடுத்ததை வைத்து அடுப்பெரிக்க முடியுமா? கைத்தொழில் என்று பார்த்தால் குழி ஒன்றுதான் தெரியும். எனக்குக் குழி தோண்டத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? யாரைப் புதைக்க என்று கேட்பார்கள்.

பால்காரம்மா மட்டும் அப்படிக் கேட்கவில்லை. பதினான்கு மாடு வைத்து, புருஷன் போன பிறகு ஒண்டியாக நின்று பால் வியாபாரம் பார்த்தவர். இவரைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய பழைய ஓலைக் கொட்டகை காற்றில் போய், மாடுகள் வெட்டவெளியில் நின்ற சமயம் அது. பால் வாங்கப் போன இடத்தில் இவர் தன் கஷ்டத்தைச் சொல்ல, அவர் மாட்டு மடியிலிருந்து கையை எடுக்காமலே விசாரித்தார்.

"உனக்கு என்ன வேலை தெரியும் தம்பி?"

"குழி தோண்டத் தெரியும்க்கா."

"நட்ட கம்பம் ஆடாம நிக்குமா?"

"நான் நட்டதுல ஒண்ணு கூடச் சாஞ்சதில்லக்கா."

"அப்புறம் என்ன? இருபத்தி நாலு கம்பத்தை நட்டு மேல தகரத்தைப் போட்டா அதுதான் கொட்டகை. நாளைக்குக் காலையில வந்துடு."

அவ்வளவுதான் பேச்சு. ஒருத்தருக்கு வாழ்க்கை கொடுப்பதற்கு அந்தம்மாவுக்கு ஒரு மாட்டைக் கறந்து முடிக்கிற நேரம்கூடத் தேவைப்படவில்லை. அந்தக் கொட்டகையைப் பார்த்துவிட்டு அடுத்தவர் கூப்பிட்டார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். "நான் திங்கிற ஒவ்வொரு வாயும் அந்தக்கா போட்டது" என்று கம்பத்தார் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

கழுதைகள் வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செங்கல் சூளைக்காரர் புதிதாக டிராக்டர் வாங்கி, அதற்குக் கொட்டகை கட்ட இவரைக் கூப்பிட்டார். அதுவரை செங்கல் சுமந்த இரண்டு கழுதைகள் ஓரமாக நின்று, தங்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்ட வண்டிக்கு வீடு எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. இவருக்கு ஐந்து நாளும் அவற்றின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. வேலை முடிந்த அன்று இரண்டையும் கேட்டு வாங்கி, கயிற்றைப் பிடித்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மனைவி வாசலிலேயே மறித்தாள். அவளுக்குப் பன்னிரண்டு ஆடு, இரண்டு மாடு, ஒரு கூட்டம் வாத்து. அந்தக் கணக்கில் கழுதைக்கு இடமே இல்லை.

"இதுங்க பால் குடுக்குமா?"

"குடுக்காது."

"முட்டை போடுமா?"

"ஏன்டி, கழுதை முட்டை போடுமா?"

"அப்ப எதுக்குங்க? வீட்டுல நீங்க ஒருத்தர் பத்தாதா?"

கேட்டாளே தவிர, அன்று மாலையே வைக்கோல் அள்ளிப் போட்டதும் அவள்தான். வாசலில் நின்று, ஒரு வேலையும் செய்யாமல், எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்ததற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். மேனேஜர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனதற்குக் கிளார்க்கு. மாட்டுத் தீவனத்தைத் திருடித் தின்று கிளார்க்கு வயிறு வீங்கிக் கிடந்தபோது வைத்தியரைக் கூட்டி வந்தவளும் அவள்தான். கழுதைக்குச் சத்துத் தீவனம் ஆகாது, காய்ந்த வைக்கோல்தான் அமிர்தம் என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு, "நம்ம வீட்டுல மெலிஞ்ச சாப்பாட்டுக்குச் சந்தோஷப்படுற ஜீவன் இதுங்கதான்" என்றாள்.

இரண்டு மாதத்தில் பேச்சே மாறிப்போயிற்று. அதுவரை தெருநாய்கள் கூட்டமாக வந்து வருஷத்துக்கு மூன்று ஆட்டையாவது கடித்துப் போட்டுவிடும். கழுதைகள் வந்தபின் ஒரு விடியற்காலையில் நாய்கள் வந்தன. மேனேஜர் வாயைத் திறந்து ஒரு கத்துக் கத்த, கிளார்க்கு பின்னங்காலால் ஒரு உதை விட, தலைவர் நாய் வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அதற்குப்பிறகு அந்த வீட்டில் ஒரு ஆடுகூடக் குறையவில்லை. இப்போதெல்லாம் யாராவது கழுதையை இளக்காரமாகப் பேசினால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

இப்படிப் பத்து வருஷம் போனது. பத்து வருஷமும் மனிதர்களைத் தவிர அந்த வீட்டின் எல்லா உயிரும் ஒரே கொட்டகையில்தான். கம்பத்தார் தன் சொந்த ஆடு மாடுகளுக்காகக் கட்டியது. கழுதைகள் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், பால்காரம்மா கொட்டகையை முடித்த கையோடு, அடுத்த மாதமே கட்டிய இரண்டாவது கொட்டகை. அதில் நடந்த சங்கதிதான் இது.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. காற்றும் சேர்ந்து மூன்று நாள் விடாமல் பெய்தது. ஆடு உள்ளே போனது, மாடு உள்ளே போனது. மழை என்றால் கொண்டாடுகிற வாத்துகூட உள்ளே போய்விட்டது. மேனேஜர் மட்டும் கொட்டகை வாசலில் வந்து நின்றார். நின்றார் என்றால் நின்றார், அசையவில்லை. அவர் பின்னாலேயே கிளார்க்கும் நின்றார். கழுதைத் தோலில் எண்ணெய்ப் பசை கிடையாது. மழைத் தண்ணீர் நேராக உடம்பில் இறங்கிவிடும். நனைவது அவற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது, நாலு தூறல் விழுந்தாலே முதல் ஆளாக உள்ளே ஓடுகிறவர் மேனேஜர். அப்படிப்பட்டவர் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வெளியே நின்றார்.

கம்பத்தாரின் மைத்துனன், மனைவிக்குத் தம்பி, இவருடனேயே கொட்டகை வேலைக்கு வருகிறவன். நாற்பத்தைந்து வயது, மீசை நரைத்தாயிற்று, வாய் மட்டும் நரைக்கவில்லை. அவன் பின்னால் போய்த் தோளைக் கொடுத்து முட்டித் தள்ளினான். மேனேஜர் நகரவில்லை. இவன் கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தான்.

"மாமா, உங்க மேனேஜர் என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாரு" என்றான் உட்கார்ந்தபடியே.

கேரட்டைக் காட்டிப் பார்த்தார்கள். கழுத்து மட்டும் நீண்டு உள்ளே வந்தது, கேரட்டைக் கவ்வியது, வெளியே போனது. கால் நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே பாம்பு இருக்குமோ என்று மூலைமுடுக்கெல்லாம் தேடினார்கள். "வயசாயிடுச்சு மாமா, புத்தி மழுங்கிப்போச்சு" என்றான் மைத்துனன். "உனக்கு மழுங்காத புத்தியாடா அவனுக்கு மழுங்கப்போவுது" என்றாள் அக்காக்காரி. அவள் ஒரு பழைய கம்பளியை எடுத்து வந்து மேனேஜர் முதுகில் போட்டாள். அது ஐந்து நிமிஷத்தில் நனைந்து தொங்கியது. மேனேஜருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது.

கழுதைக்குப் பிடிவாதம் என்று நாம் சொல்கிறோம். கழுதையோடு பழகாதவர்கள் கட்டிவிட்ட கதை அது. குதிரை பயந்தால் ஓடும். மாடு பயந்தால் முட்டும். கழுதை பயந்தால் நின்றுவிடும். நின்று, யோசித்து, ஆபத்தில்லை என்று தனக்குத் தோன்றிய பிறகுதான் அடுத்த அடி வைக்கும். இது கம்பத்தாருக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு நாள் திட்டித் தீர்த்துவிட்டு, மூன்றாம் நாள்தான் அவருக்கு உறைத்தது. ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மேனேஜருக்குப் பக்கத்தில், அவர் நிற்கும் இடத்திலேயே தூறலில் குந்தி உட்கார்ந்தார். மேனேஜர் பார்க்கும் பக்கம் தானும் பார்த்தார்.

காற்று ஒரு வீச்சு வீசியது. தகரம் உறுமியது. மேனேஜரின் இரண்டு காதும் சட்டென்று ஒரே பக்கம் திரும்பின. நடு வரிசையில் மூன்றாவது கம்பம். காற்று நின்றது, காது தளர்ந்தது. மறுபடி காற்று, மறுபடி அதே கம்பம். கம்பத்தார் ஐந்தாறு தடவை பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய் அந்தக் கம்பத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த வீச்சில் கைக்குள் 'டொக்' என்று ஒரு சின்ன அதிர்வு. காலடியில் மண்ணுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

கடப்பாரையை எடுத்துக் கம்பத்தின் அடியில் ஒரு குத்துக் குத்தினார். வெந்த கிழங்கில் இறங்குவது போல இறங்கியது.

ஆடு, மாடு, வாத்து எல்லாவற்றையும் வெளியே ஓட்டினார்கள். உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, கம்பத்தைச் சுற்றித் தோண்டி வெளியே இழுத்தார்கள். நல்லபடியாக இருந்தால் அந்தக் கம்பத்தின் அடி முழங்கால் உயரத்துக்குக் கருப்பாக, தார் குளித்தது போல இருக்க வேண்டும். இதன் அடியில் கருப்பு இல்லை. ரம்பம் போட்டு அறுத்த தழும்பு இருந்தது. தழும்புக்கு மேலே ஒரு முழத்துக்கு மரமே இல்லை, கைபட்டால் உதிரும் தூள்தான் இருந்தது. மேலேயிருந்த பாரம் முழுக்க ஒரு விரல் தடிமன் தோலில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அந்தத் தழும்பு யார் கை வேலை என்று கம்பத்தாருக்குத் தெரியும்.

கம்பெனியிலிருந்து வரும் கம்பத்தில் ஒரு முனைக்கு மருந்தேற்றிக் கருப்பாக்கி அனுப்புவார்கள். அது மண்ணுக்குள் போக வேண்டிய முனை. கறையானும் ஈரமும் அதை ஒன்றும் செய்யாது. கம்பம் நீளமாக இருந்தால் மேலே அறுக்கலாம், கீழே அறுக்கவே கூடாது. கரண்டுக் கம்பம் நட்ட காலத்திலிருந்தே இது அவருக்கு மனப்பாடம். ஆனால் பால்காரம்மா கொட்டகை அவருக்கு முதல் கொட்டகை. அவசரக்குடுக்கையாகக் கம்பங்களை நடுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றின் தலையிலும் உத்தரம் உட்காரும் வாயை வெட்டி வைத்துவிட்டார். குழி தோண்டினால் மூன்று குழியில் பாறை. கடப்பாரை தெறித்தது. அந்த மூன்று கம்பமும் மற்றதைவிட உயர்ந்து நின்றன. தலையை அறுத்தால் வெட்டிய வாய் போய்விடும். வேறு கம்பம் வரவழைக்க ஒரு வாரம் ஆகும். மழையில் மாடுகள் நிற்கின்றன. முதல் வேலையிலேயே, வேலை தெரியாதவன் என்று அந்தக்கா நினைத்துவிட்டால்? அடியை அறுத்தார். அறுத்த முனையில் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவி நட்டுவிட்டார். அடுத்த மாதம் தன் கொட்டகைக்குத் தோண்டியபோதும் ஒரு குழியில் பாறை. அங்கே நிற்கவில்லையா, இங்கேயும் நிற்கும் என்று மறுபடியும் அதையே செய்தார். தப்பு இரண்டாம் தடவை சுலபமாகத்தான் வருகிறது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, கம்பத்தை நட்டு நூல் பிடித்த பின்னால் வாய் வெட்டும் வழக்கத்துக்கு மாறினார். மற்ற முப்பத்தொன்பது கொட்டகையும் சுத்தம். முதல் சில வருஷம் காற்றடிக்கும்போதெல்லாம் பால்காரம்மா கொட்டகை ஞாபகம் வந்து உறுத்தும். ஐந்தாறு வருஷத்தில் உறுத்தலும் தேய்ந்துபோயிற்று.

"அக்கா கொட்டகையில மூணு இருக்கு" என்றார்.

மைத்துனன் புரிந்துகொண்டான். "மாமா, பன்னெண்டு வருஷம் ஆச்சு. யாருக்குத் தெரியும்? சும்மா பழுது பாக்க வந்தோம்னு போவோம். சத்தம் போடாம மாத்திட்டு வந்துடுவோம்."

"எந்த மூணுன்னு எனக்கே ஞாபகம் இல்லடா. அக்கா தரை பூரா சிமென்ட் போட்டுட்டாங்க. கடப்பாரையில குத்திக்கூடப் பாக்க முடியாது."

"அதுக்காக நாமளே போய்ச் சொல்லிக்கணுமா? அவங்க அடுத்த மாசம் கன்னுக்குட்டிக் கொட்டகை நமக்குத்தான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. இதைக் கேட்டா வாசல்லயே விட மாட்டாங்க."

கம்பத்தார் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்தப் பயம்தான். நாற்பத்தொரு கொட்டகையையும் யார் வேண்டுமானாலும் குறை சொல்லட்டும், தாங்கிக்கொள்வார். தன்னை நம்பிக் கூப்பிட்ட அந்த ஒருத்தர் முகம் திருப்பிக்கொண்டால் தாங்க மாட்டார்.

மனைவிதான் முடித்து வைத்தாள். "மணி என்னாச்சு? நாலரை. அஞ்சு மணிக்கு அக்கா கறவைக்கு உக்காருவாங்க. தலைக்கு மேல பரண் நிறைய வைக்கோல் அடுக்கி வச்சிருக்காங்க. நீங்க இங்க நின்னு யோசிச்சிட்டு இருங்க."

சைக்கிளை எடுத்தார். மழையில் எப்படி மிதித்தார் என்று அவருக்கே தெரியாது.

பால்காரம்மா கறவைக்கு உட்கார்ந்துவிட்டிருந்தார். பாத்திரத்தில் பால் சீறுகிற சத்தம் கேட்டது. தலைக்கு மேல் பரணில் வைக்கோல் தகரத்தை முட்டிக்கொண்டிருந்தது. கம்பத்தார் ஈரச் சட்டையோடு போய் நின்று, ஒன்றும் மறைக்காமல், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பாறை, வாய், ரம்பம், எஞ்சின் ஆயில். மேனேஜர் நுழையாமல் நின்றது வரைக்கும் சொன்னார்.

"எந்த மூணு கம்பம்னு எனக்குத் தெரியலக்கா. இருபத்தி நாலையும் உடைச்சுத்தான் பாக்கணும். பாத்துத் தர்றேன். அதுவரைக்கும் இதுக்குக் கீழ யாரும் இருக்க வேணாம்."

பால்காரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தது.

"இப்ப நான் எந்திரிக்கணுமா, கறந்து முடிச்சிடலாமா?"

"எந்திரிங்கக்கா."

எழுந்தார். எழுந்தபோதுதான் கம்பத்தார் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். வட்டமான மரக்கட்டை. மேல் பக்கம் கன்னங்கரேலென்று, உட்கார்ந்து உட்கார்ந்து பளபளவென்று தேய்ந்திருந்தது. கம்பெனியில் மருந்தேற்றிய முனை. அவர் அன்றைக்கு அறுத்துப் போட்ட அடித்துண்டு. அந்தம்மா பன்னிரண்டு வருஷமாக, தினம் இரண்டு வேளை, அவருடைய தப்பின் மேல்தான் உட்கார்ந்து பால் கறந்திருக்கிறார்.

"இது..." என்றார் கம்பத்தார்.

"நீ அறுத்துப் போட்டதுதான். உக்கார வாகா இருந்துச்சு, எடுத்து வச்சுக்கிட்டேன். இன்னும் ரெண்டு இருக்கு." கட்டையைக் காலால் தள்ளிக் காட்டினார். "இது கிணத்துப் பக்கத்துக் கம்பத்துல அறுத்தது. குட்டையா ஒண்ணு இருக்கு பாரு, அது கன்னுக்குட்டி கட்டுற எடம். இன்னொண்ணு அதோ, வாசல்ல ரெண்டாவது. உனக்கு மறந்துடும் தம்பி. எனக்கு மறக்குமா? அப்ப எனக்கு இருந்தது இந்தக் கொட்டகை ஒண்ணுதான். நீ வேலை செய்யறதை நாள் பூரா பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து வெளியே கட்டினார். கம்பத்தாரும் கூடவே போய் அவிழ்த்தார்.

மறுநாள் விடிந்ததும் வேலை ஆரம்பம். வைக்கோலை இறக்கி, சிமென்டை உடைத்து, அந்தம்மா கை காட்டிய மூன்று கம்பங்களையும் தோண்டினார்கள். ஒன்றுகூடத் தப்பில்லை, மூன்றிலும் ரம்பத் தழும்பு இருந்தது. வாசல் கம்பம் கல் மாதிரி இருந்தது, அங்கே ஈரமே போகவில்லை. கன்றுக்குட்டி இடத்தில் பாதி போயிருந்தது. கிணற்றுப் பக்கத்துக் கம்பத்தைத் தொட்டபோது மைத்துனன் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போய்விட்டது. "மாமா" என்றான். இன்னும் இரண்டு நாள் காற்று அடித்திருந்தால் கொட்டகை நின்றிருக்காது. மூன்றுக்கும் புதுக் கம்பம் நட்டார்கள். கரிமுனை மண்ணுக்கு, அறுத்த முனை ஆகாயத்துக்கு.

வேலை நடந்த மூன்று நாளும் பால்காரம்மா கம்பத்தாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ வந்தது, மைத்துனன் கையில் கொடுத்து அனுப்பினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது கம்பத்தாருக்கு. மூன்றாம் நாள் சாயங்காலம் கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "வர்றேன்க்கா" என்றார் தரையைப் பார்த்து.

"நில்லு" என்றார் பால்காரம்மா. கையில் ஒரு காலண்டர் தாள். அதன் பின்பக்கம் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டத்தின் ஓரமெல்லாம் புள்ளி வைத்திருந்தது. கன்றுக்குட்டிக் கொட்டகை.

"குழியில பாறை வந்தா என்ன செய்வ?"

"மேல அறுப்பேன்க்கா."

"மேல வாய் வெட்டியிருந்தா?"

"வெட்டியிருக்க மாட்டேன்க்கா. நட்டதுக்கு அப்புறம்தான் வெட்டுவேன்."

"அப்படியும் தப்பாயிட்டா?"

"உங்ககிட்ட வந்து சொல்லிட்டு வேற கம்பம் போடுவேன்."

பால்காரம்மா தாளை நீட்டினார். "அன்னிக்கே அப்படிச் சொல்லியிருந்தா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருப்பேன்? ஒரு வாரம் மாடு நனைஞ்சிருக்கும். அவ்வளவுதானே." பிறகு சொன்னார்: "ஆனா நீயா வந்து சொன்ன பாரு, மழையில. அது போதும் எனக்கு. ஒரே ஒரு கண்டிஷன். கட்டி முடிச்ச அன்னிக்கு அந்த மேனேஜரைக் கூட்டிட்டு வா. அவரு உள்ள போனாத்தான் என் கன்னுக்குட்டி போகும்."

கன்றுக்குட்டிக் கொட்டகை பதினொரு நாளில் முடிந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மேனேஜர், குளித்து, துடைத்து, மனைவி கையால் வாரிவிட்ட பிடரியோடு. பின்னால் கிளார்க்கு, வேறெங்கே போவார்? கயிற்றைப் பிடித்துக் கம்பத்தார். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் மைத்துனன், "மேல் அதிகாரி பார்வையிடப் போறாரு" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

கொட்டகை வாசலில் மேனேஜர் நின்றார். கயிற்றைத் தளர்த்திவிட்டார் கம்பத்தார். இழுக்கவில்லை, தள்ளவில்லை, கேரட்டும் காட்டவில்லை. பால்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். மனைவி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. காற்று வீசியது, புதுத் தகரம் லேசாக முனகியது. மேனேஜரின் இடது காது அந்தப் பக்கம் போனது, வலது காது இந்தப் பக்கம் போனது. இரண்டும் எதன் மேலும் நிற்கவில்லை.

மேனேஜர் ஒரு கால் எடுத்து வைத்தார். மோந்து பார்த்தார். அடுத்த கால். பிறகு சொந்த வீட்டுக்குள் போகிறவர் மாதிரி நேராக நடந்து, நடு வரிசைக் கம்பத்துக்குப் போய், புட்டத்தை அதில் வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்துச் சொறிந்துகொண்டார். கம்பம் அசையவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றார் பால்காரம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். கம்பத்தார் மேனேஜர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த முரட்டு மயிரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். "நல்லா இருடா, நீ நல்லா இரு" என்று அதன் காதில் சொன்னார். அந்தம்மா உயிரோடு நின்று சிரிக்கிறார், அவருடைய பதினான்கு மாடும் நிற்கிறது, தன் கொட்டகை தன் மனைவி தலையில் விழவில்லை. ஒரு கழுதையால். செங்கல் சூளையில் வேண்டாம் என்று விட்ட கழுதையால். எத்தனை பேருக்கு எப்படியெல்லாம் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இல்லை, நிறைவாக இருந்தது.

"போதும், வந்து உக்காரு. டீ ஆறுது" என்று பால்காரம்மா ஒரு கட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார். கிணற்றுப் பக்கத்துக் கம்பத்தின் அடித்துண்டு. கரிமுனை மேலே பளபளத்தது.

கம்பத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குனிந்து கட்டையைத் தூக்கி, கரிமுனை தரைக்குப் போகும்படி திருப்பி வைத்தார். ஆடுகிறதா என்று கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அப்புறம்தான் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார்.